ஸ்கோரில் தமிழ் வரிகள்: சுரத்தோடு கட்டும் வேலை

யாராவது ஒரு மியூஸ்ஸ்கோர் (ஸ்கோர் எனப்படும் இசைத்தாளைக் கணினியில் எழுதும் மென்பொருள்) ஃபைலை அனுப்பி "வரியெல்லாம் இடம் மாறிப் போச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டால், திறப்பதற்கு முன்பே என்ன நடந்திருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். வரியில் ஒரு சொல்லைக் கிளிக் செய்து பார்த்தால் பக்கத்துப் பலகையில் "ஸ்டாஃப் டெக்ஸ்ட்" என்று வரும். அதாவது, பாட்டின் முழு அடியையும் சாதாரணக் குறிப்பாகத் தட்டச்சு செய்து, மவுஸால் கோடுகளுக்குக் கீழே இழுத்து வைத்து, சொற்களுக்கு நடுவே ஸ்பேஸைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றையும் அதனதன் சுரத்துக்கு நேராகக் கொண்டுவந்திருப்பார்கள். செய்து முடித்த அன்று அவர்கள் திரையில் அது அழகாகவே இருந்திருக்கும். அப்புறம் யாரோ ஒரு மெஷரை (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலான தாளப் பகுதியை) கூடுதலாகச் சேர்த்தார்கள், அல்லது பாடகருக்குச் சுருதி எட்டவில்லை என்று முழுப்பாட்டையும் இரண்டு படி இறக்கினார்கள், புதிதாக வந்த ஷார்ப்புகளும் ஃபிளாட்டுகளும் சுரங்களைக் கொஞ்சம் தள்ளிவிட்டன, அவ்வளவுதான், கதை முடிந்தது.

காரணம் எளிது. ஸ்டாஃப் டெக்ஸ்ட் என்பது ஒரே ஒரு சுரத்தில் மாட்டப்பட்டது. அதன் முதல் எழுத்து எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்பது மட்டும்தான் மென்பொருளுக்குத் தெரியும், மீதி இருபது சொற்களும் அதன் வால். வாலில் இருக்கும் ஒன்பதாவது சொல் ஒன்பதாவது சுரத்துக்கு உரியது என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தீர்கள், அவ்வளவே.

இந்த வகை மென்பொருள்களில் எழுத்து சார்ந்த எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். வேர்ட் மாதிரி எங்கே வேண்டுமானாலும் கிளிக் செய்து எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இங்கே ஒரு எழுத்து எங்கே நிற்கிறது என்பதை விட அது என்ன என்பதுதான் முக்கியம். அது பாடல் வரியா, வேகக் குறிப்பா, ஒரு குரலுக்கு மட்டுமான அறிவுரையா, எல்லோருக்குமானதா என்று சொல்லிவிட்டால் எங்கே நிற்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

சரி, வரிகளை எடுத்துக்கொள்வோம். மியூஸ்ஸ்கோரில் முதல் சுரத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எல் அழுத்தினால் அதன் கீழே கர்சர் துடிக்கும். இதே வகை மென்பொருள்களான சிபேலியஸில் அதே கண்ட்ரோல்-எல், டோரிக்கோவில் ஷிஃப்ட்-எல். ஒரு அசையைத் தட்டச்சு செய்துவிட்டு ஸ்பேஸ் தட்டினால் அடுத்த சுரத்துக்குப் போகும், சொல் முடிந்தது என்று பொருள். ஹைபன் தட்டினாலும் அடுத்த சுரத்துக்குப் போகும், ஆனால் சொல் இன்னும் முடியவில்லை என்று பொருள், நடுவில் ஒரு சிறு கோடு வரும். ஷிஃப்டோடு அடிக்கோட்டை அழுத்தினால் அந்த அசை அடுத்த சுரத்திலும் நீள்கிறது என்று பொருள், அடியில் நீளமான கோடு ஓடும். மியூஸ்ஸ்கோரில் எண்டர் அழுத்தினால் அதே சுரத்தின் கீழ் இரண்டாவது சரணத்துக்கான வரி. இந்த நாலு விசைகள் கைக்கு வந்துவிட்டால் தொண்ணூறு சதவீத வேலை முடிந்தது.

ஹைபனுக்கும் நீட்டல் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஸ்கோர்களில் இதுதான் தாறுமாறாக இருக்கிறது. ஒரு அடியை எடுத்துக்கொள்வோம், இந்தக் கட்டுரைக்காக இப்போது இட்டுக்கட்டியது: "மழை வந்த மாலையில் மரமெல்லாம் பாடுது". இதைப் பிரித்தால் ம-ழை வந்-த மா-லை-யில் ம-ர-மெல்-லாம் பா-டு-து என்று பதினாலு அசை. மெட்டில் "மா" நாலு சுரத்துக்கு இழுக்கிறது, "லாம்" மூன்று சுரத்துக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடும்போது இரண்டும் ஒரே மாதிரி இழுவைதான். எழுதும்போது ஒன்றல்ல. "மா" சொல்லின் முதலில் இருக்கிறது, அதற்குப் பின் "லை" வர வேண்டும், ஆகவே அங்கே ஹைபன்கள்: நாலு சுரத்துக்கு நாலு முறை ஹைபனைத் தட்ட வேண்டும், இடைவெளி நீளத்தைப் பார்த்து எத்தனை சிறு கோடுகள் போடுவது என்பதை மென்பொருள் முடிவு செய்யும். "லாம்" சொல்லின் கடைசி அசை, அதற்குப் பின் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை, ஆகவே அங்கே நீட்டல் கோடு, அடிக்கோட்டு விசை மூன்று முறை. இதை மாற்றிப் போட்டால் பாடுகிறவர் "மா" என்பதைத் தனிச்சொல்லாக எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கிவிடுவார், முதல் பார்வையில் பாடுகிறவருக்கு வேறு வழி கிடையாது. இழுவை இருக்கும் சுரங்களுக்கு மேலே ஸ்லர் என்கிற வளைகோட்டையும் மறக்காமல் போட்டுவிடுங்கள், வரியைப் படிக்காமலேயே கண் அதைப் பிடித்துவிடும்.

பாட்டுப் புத்தகங்களில் இழுவையை "மா-ஆ-ஆ-ஆ" என்று ஒவ்வொரு சுரத்துக்கும் உயிரெழுத்தைத் திரும்ப எழுதிக் காட்டும் பழக்கம் உண்டு. கோட்டு நொட்டேஷனில் அது வேண்டாம். எழுத்து கூடினால் இடம் அடைக்கும், பாடுகிறவரும் ஒவ்வொரு "ஆ"வையும் தனியாகத் தட்டித் தட்டிப் பாடத் தொடங்குவார். "லாம்" என்பதில் இருக்கும் "ம்" எங்கே வர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, மூன்றாவது சுரத்தின் கீழே தனியாக "ம்" போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மரபு என்னவென்றால் முழு அசையையும் முதல் சுரத்தின் கீழேயே எழுதிவிட வேண்டும், கடைசிச் சுரத்தில் வாயை மூடுவது பாடுகிறவரின் வேலை.

இனி, தமிழை எங்கே வெட்டுவது என்ற கேள்வி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதற்காக அகராதியைப் புரட்டுகிறார்கள், வெட்டும் இடம் பற்றிச் சண்டையே நடக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. புள்ளி வைத்த எழுத்து தனக்கு முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும், புள்ளி இல்லாத ஒவ்வொரு எழுத்தும் புது அசையைத் தொடங்கும். முடிந்தது. அம்-மா, வாழ்த்-து, பாட்-டு, ஈர்க்-கும். ஆய்தமும் முன்னால் இருப்பதோடுதான்: அஃ-து. சொல்லின் தொடக்கத்திலேயே மெய் வந்தால் மட்டும் (ப்ரியா, ஸ்வரம் மாதிரி) அது பின்னால் வருவதோடு சேரும், ஒட்டுவதற்கு முன்னால் எதுவும் இல்லையே. யூனிகோடில் புள்ளிக்குத் தனிக் குறியீடு இருப்பதால், நிரல் எழுதத் தெரிந்தவர் நாலைந்து வரியில் இதைச் செய்யும் ஒரு கருவியை எழுதிவிடலாம், சொல்லின் நடுவில் புள்ளி இல்லாத எழுத்து வரும் இடமெல்லாம் அதற்கு முன் ஹைபன் போடு என்று.

இலக்கணம் படித்தவர்கள் இங்கே சறுக்குவது உண்டு. யாப்பில் "மழை" ஒரே அசை, நிரையசை. "மரமெல்லாம்" என்பதில் "மர" ஒரு அசை. ஆனால் பாட்டில் "ம" ஒரு சுரத்திலும் "ழை" இன்னொரு சுரத்திலும் நிற்கும். எனவே அசை பிரிக்கச் சொன்னால் நேர், நிரை என்று பிரித்துக்கொண்டு வராதீர்கள். குறில் இரண்டு சேர்ந்து வந்தாலும் ஸ்கோரில் அவை இரண்டுதான். மெட்டு அவற்றை ஒரே சுரத்தில் அடைக்கிறது என்றால், அந்தச் சுரத்தை இரண்டாக உடைத்து எழுதுவதுதான் பெரும்பாலும் உண்மையில் பாடப்படுவதற்கு அருகில் இருக்கும்.

இன்னொன்று புணர்ச்சி. "பாட்டு ஒன்று" என்று பிரித்து எழுதிவிட்டு மூன்று சுரம்தான் இருக்கிறது என்று விழிப்பார்கள். பாடும்போது அது பாட்-டொன்-று. இத்தாலிய மொழியில் இந்த மாதிரி இடங்களில் இரண்டு உயிரையும் எழுதி அடியில் ஒரு சிறு வளைவு போட்டு ஒரே சுரத்தில் கட்டுவார்கள், மியூஸ்ஸ்கோரிலும் அதற்கு வசதி உண்டு. நமக்கு அது அபூர்வமாகத்தான் தேவைப்படும், ஏனென்றால் "பாட்டொன்று" என்று சேர்த்தே எழுத நம் எழுத்துமுறை அனுமதிக்கிறது. பாடுகிற மாதிரி சேர்த்து எழுதிவிடுங்கள். படிக்கச் சிரமம் என்று தோன்றினால் பிரித்த வடிவத்தை ஸ்கோரின் கடைசியில் முழுப்பாட்டாகத் தனியே போட்டுக்கொள்ளலாம்.

தட்டச்சு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, தமிழில் இந்த வேலை செய்யும்போது பொறுமையைச் சோதிப்பது இதுதான். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் முறைகளில் பல, ஸ்பேஸ் தட்டும்போதுதான் சொல்லை உறுதி செய்யும். வரி எழுதும் நிலையில் ஸ்பேஸ் என்றால் அடுத்த சுரத்துக்குத் தாவு என்று பொருள். ஒரே விசைக்கு இரண்டு முதலாளிகள். சில சமயம் முதல் ஸ்பேஸ் எழுத்தை உறுதி செய்துவிட்டு நிற்கும், சில சமயம் கர்சர் தாவிய பிறகு எழுத்து தவறான சுரத்தின் கீழ் போய் விழும். தமிழ்99 என்கிற தமிழ் விசைப்பலகை முறை பழகியவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அவர்களுக்கு வேறு ஒன்று காத்திருக்கிறது. தமிழ்99இன் சிறப்பே தானியங்கிப் புள்ளிதான், "ம" இரண்டு முறை தட்டினால் முதல் "ம"வுக்கு அதுவே புள்ளி வைத்துவிடும், "ந" தட்டி "த" தட்டினால் "ந்த" வந்துவிடும். ஸ்கோரில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் நடுவேதான் நாம் வெட்டுகிறோம்! "வந-" என்று ஹைபன் தட்டியதும் கர்சர் அடுத்த சுரத்துக்குப் போய்விடுகிறது, அங்கே "த" வருகிறது, முந்தைய சுரத்தின் கீழே புள்ளி இல்லாத "வந" அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் புள்ளியைக் கையால் தட்ட வேண்டும், பல வருடப் பழக்கத்தில் விரல் அதை மறந்தே போயிருக்கும்.

இதற்கு நல்ல வழி, ஸ்கோருக்குள் தட்டச்சு செய்யாமலே இருப்பது. முழு வரியையும் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதி, ஹைபன் போட்டுப் பிரித்து, எழுத்துப் பிழை பார்த்து, மொத்தமாகக் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு முதல் சுரத்தில் கண்ட்ரோல்-எல், அதன்பின் கண்ட்ரோல்-வி, கண்ட்ரோல்-வி, கண்ட்ரோல்-வி. மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அசையை மட்டும் எடுத்து வைத்துவிட்டு அடுத்த சுரத்துக்கு நகரும், ஹைபனும் ஸ்பேஸும் எதற்கு என்று அதற்குத் தெரியும். இழுவை வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி ஹைபனையோ அடிக்கோட்டையோ தேவையான அளவு தட்டிவிட்டுத் தொடர வேண்டும். நீளமான பாட்டு என்றால் இந்த ஒரு உத்தியே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எழுத்துரு. ஸ்கோர் மென்பொருளோடு வரும் எழுத்துருக்களில் பொதுவாகத் தமிழ் இருக்காது, மியூஸ்ஸ்கோரின் எட்வினிலும் இல்லை. ஆனாலும் தமிழ் தெரிகிறதே என்றால், கணினி தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை இடைச்செருகுகிறது. உங்கள் விண்டோஸில் அது நிர்மலாவாக இருக்கலாம், ஃபைலை வாங்குகிறவரின் லினக்ஸில் லோஹித்தாக இருக்கலாம், அகலம் மாறும், அகலம் மாறினால் சுர இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் பக்கம் உடையும் இடமே மாறும். அதனால் ஸ்டைல் பகுதியில் வரிகளுக்கான எழுத்துருவை வெளிப்படையாகவே தேர்ந்தெடுத்து வையுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி இலவசமான ஒன்று என்றால் மற்றவரும் நிறுவிக்கொள்ளலாம். பாடகர்களுக்கு அனுப்பும்போது பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள், அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும்.

நம் எழுத்துகள் கீழேயும் மேலேயும் நீளும் என்பதையும் மென்பொருள் தானாகக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் சரணத்தில் ஒரு "மூ"வும் அதற்கு நேர் கீழே இரண்டாம் சரணத்தில் ஒரு "தீ"யும் வந்தால் கொம்பும் காலும் முட்டிக்கொள்ளும். வரிகளின் வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சரியாகிவிடும்.

அகலம்தான் பெரிய தலைவலி. "ஈர்க்", "வாழ்த்" மாதிரி ஒரு அசையே மூன்று நாலு எழுத்து அகலம் எடுக்கும். அது ஒரு பதினாறில் ஒரு பங்கு சுரத்தின் கீழ் வந்தால், எழுத்து இடிக்காமல் இருக்க மென்பொருள் அந்தச் சுரங்களை விலக்கி வைக்கும், மெஷர் ஒரு பக்கம் நெரிசலாகவும் மறுபக்கம் வெறிச்சோடியும் இருக்கும், தாளம் கண்ணுக்குப் பிடிபடாது. இங்கேதான் பலர் எழுத்தைக் கையால் இழுத்துச் சரிசெய்யப் போவார்கள். இழுக்காதீர்கள். முதலில் ஒரு வரிசையில் எத்தனை மெஷர் என்பதைக் குறையுங்கள், நாலுக்குப் பதில் மூன்று. போதவில்லையா, எழுத்தின் அளவை ஒரு பாயிண்ட் குறையுங்கள், அல்லது ஒடுங்கிய எழுத்துருவுக்கு மாறுங்கள். அதற்கும் மேல் இரண்டு அசைகளுக்கு நடுவிலான குறைந்தபட்ச இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகத் தெரியும் அளவுக்குப் போகாதீர்கள்.

குறிப்புகளுக்கு வருவோம். மியூஸ்ஸ்கோரில் கண்ட்ரோல்-டி (T) தரும் ஸ்டாஃப் டெக்ஸ்ட் அந்த ஒரு கோட்டுத்தொகுதிக்கு மட்டும். ஷிஃப்டும் சேர்த்தால் வரும் சிஸ்டம் டெக்ஸ்ட் எல்லோருக்கும். முழு ஸ்கோரைப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், மேலே ஒரு வாக்கியம். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி பார்ட் பிரித்து அச்சடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: "இரண்டாம் முறை மட்டும்" என்று சொப்ரானோவின் (பெண்களின் உச்சக்குரல்) மேல் ஸ்டாஃப் டெக்ஸ்டாக எழுதியது பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவர் கையில் இருக்கும் தாளில் இருக்காது. அவர் முதல் முறையே பாடிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே எழுதுவதற்கு முன், இதை யார் படிக்க வேண்டும் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

வேகக் குறிப்பு வேறு வகை. "மெதுவாக" என்று ஸ்டாஃப் டெக்ஸ்டில் எழுதினால் பிளே அழுத்தும்போது வேகம் மாறாது. டெம்போ டெக்ஸ்டாக இருக்க வேண்டும், அப்போதும் தமிழ்ச் சொல்லிலிருந்து அது வேகத்தை ஊகிக்காது, பக்கத்துப் பலகையில் நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணைக் கொடுக்க வேண்டும். உணர்ச்சிக் குறிப்புகளைச் சாய்வெழுத்தில் போடுவது மரபு, ஆனால் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்து கிடையாது, மென்பொருள் நேரெழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கும், "ஞ"வும் "ண"வும் படிக்க முடியாத அளவுக்கு அசிங்கமாகும். நான் தமிழ்க் குறிப்புகளுக்குச் சாய்வை எடுத்துவிட்டு அளவைச் சற்றுக் குறைத்து வைக்கிறேன், வித்தியாசம் தெரிந்தால் போதாதா. இன்னொரு மரபும் உண்டு: குரல் இசையில் கீழ்ப்பக்கம் வரிகளுக்கு உரியது, எனவே சத்த அளவு, உணர்ச்சி எல்லாம் கோடுகளுக்கு மேலே. ஏதாவது கீழே போய் வரியோடு மோதினால் அதைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் விசையைத் தட்டுங்கள், மேலே தாவிவிடும்.

மவுஸே வேண்டாம் என்பவர்களுக்கு லிலிபாண்ட் இருக்கிறது, 1996இல் ஹான்-வென் நீன்ஹுய்ஸும் யான் நியூவன்ஹாய்சனும் தொடங்கியது. அதில் சுரங்களை ஒரு இடத்தில் எழுத்தாக எழுதி, வரிகளை இன்னொரு இடத்தில் எழுதுவீர்கள், இரண்டையும் கட்டுவது அதன் வேலை. அசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு இரட்டை ஹைபன், நீட்டலுக்கு இரட்டை அடிக்கோடு. ஸ்லர் போட்ட சுரங்கள் ஒரே அசைக்கு உரியவை என்று அதுவே புரிந்துகொள்ளும், ஹைபனை நாலு முறை தட்டும் வேலையெல்லாம் இல்லை. ஆபத்தும் அங்கேயேதான். ஒரு ஸ்லர் விட்டுப்போனால் அந்த இடத்திலிருந்து பாட்டு முடியும் வரை ஒவ்வொரு அசையும் ஒரு சுரம் முன்னால் நகர்ந்திருக்கும். கடைசி மெஷரில் வரி இல்லாமல் ஒரு சுரம் வெறுமையாக நின்றால், மேலே எங்கேயோ கணக்கு உதைக்கிறது என்று பொருள். சுரத்துக்கு மேலே எழுதும் குறிப்புகளுக்கு அது இயல்பாக அகலமே கொடுக்காது, நீளமான குறிப்பு எழுதினாலும் சுரங்கள் விலகாது, விலக வேண்டும் என்றால் அதற்கான கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். சுரங்களை ஆங்கில எழுத்துகளால் எழுதும் கிறிஸ் வால்ஷாவின் ஏபிசி முறையிலும் இதே மாதிரி சுர வரிக்குக் கீழே ஒரு வரி, அதில் நட்சத்திரக் குறி போட்டால் ஒரு சுரத்தைத் தாண்டும், செங்குத்துக் கோடு போட்டால் அடுத்த மெஷருக்கே போய்விடும். இந்தச் செங்குத்துக் கோடு மிகவும் உபயோகமானது, ஒரு மெஷரில் செய்த தவறு அடுத்த மெஷருக்குப் பரவாது.

முறையாகக் கட்டிய வரிக்கு இன்னொரு பயனும் உண்டு, அது மென்பொருள் மாறும்போதுதான் தெரியும். 2024 ஆகஸ்டில் ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்தபோது, அதில் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்தவர்கள் எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக (பல ஸ்கோர் மென்பொருள்களும் படிக்கும் பொது வடிவம்) மாற்றி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வடிவத்தில் ஒவ்வொரு அசையும் தன் சுரத்துக்கு உள்ளேயே எழுதப்படுகிறது, அது சொல்லின் தொடக்கமா, நடுவா, முடிவா, தனிச்சொல்லா என்ற தகவலோடு, எத்தனையாவது சரணம் என்ற எண்ணோடு. வரியாக எழுதியது வரியாகவே மறுகரை சேரும். ஸ்டாஃப் டெக்ஸ்டாக எழுதி இழுத்து வைத்தது, முதல் சுரத்தின் மேல் ஒரு நீளமான வாக்கியமாகப் போய் இறங்கும். கணினியும் மின்னிசைக் கருவிகளும் இசைக்கப் பயன்படுத்தும் மிடி கோப்பிலும் வரிக்கென்று தனி நிகழ்வு வகை உண்டு, ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய வடிவம் அது, எந்தக் குறியாக்கம் என்று அதில் சொல்லி வைக்கவில்லை, தமிழ் அங்கே பல செயலிகளில் கேள்விக்குறிகளாகத்தான் வரும்.

அச்சுக்கு அனுப்பும் முன் மியூஸ்ஸ்கோரின் டூல்ஸ் பட்டியலில் இருக்கும் "காப்பி லிரிக்ஸ்" வசதியைப் பயன்படுத்தி எல்லா வரிகளையும் வெளியே எடுத்து ஒருமுறை வெறும் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஸ்கோரில் துண்டு துண்டாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பிய ஒற்றுப்பிழை அங்கே பளிச்சென்று தெரியும், ஹைபனுக்குப் பதில் ஸ்பேஸ் தட்டிய இடங்களும்தான், ஏனென்றால் அங்கே சொல் இரண்டாக உடைந்து நிற்கும்.

கடைசியாக, சரணங்களின் அசைக் கணக்கு ஒத்துவராத இடங்கள். முதல் சரணத்தில் ஒரு சுரத்துக்கு "வா" என்று ஒரே அசை, இரண்டாவதில் அதே இடத்தில் "வரு" என்று இரண்டு. சுரத்தை இரண்டாகப் பிரித்து எழுதி, இரண்டையும் புள்ளிக்கோட்டு ஸ்லரால் இணைப்பதுதான் வழக்கம், சில சரணங்களில் சேர்த்தும் சிலவற்றில் பிரித்தும் பாட வேண்டும் என்று பாடுகிறவர் புரிந்துகொள்வார். ஒரு பாட்டில் இரண்டு மூன்று இடங்கள் என்றால் இது அழகாக வேலை செய்யும். மெஷருக்கு மெஷர் இப்படி வந்தால் மூன்று சரணங்களையும் ஒரே கோட்டின் கீழ் அடுக்க முயலாமல், மறுமுறைக் குறியை எடுத்துவிட்டு ஒவ்வொரு சரணத்தையும் தனித்தனியாக முழுசாக எழுதிவிடுங்கள். இரண்டு பக்கம் கூடும், கூடட்டும்.